சக்கரம் கழற்றிய பியூக்

இப்போதெல்லாம் ஜனங்களுக்கு எதையும் மூடிவைக்கத் தெரிவதில்லை. வாசல் கதவை விரியத் திறந்துபோட்டுவிட்டுத் தெருமுனையில் உட்கார்ந்து டோமினோ ஆடுகிறார்கள். தண்ணீர்த் தொட்டியை மூடாமல் விட்டுவிட்டுக் கொசு கடிக்கிறது என்று அரசாங்கத்தைத் திட்டுகிறார்கள். வாயையாவது மூடுகிறார்களா? யார் வீட்டுக்கு என்ன சாமான் வந்து இறங்கியது என்று நாலு பால்கனி தாண்டிக் கத்துகிறார்கள். அப்புறம் களவு போய்விட்டது, களவு போய்விட்டது என்று மாரில் அடித்துக்கொள்கிறார்கள். போகாமல் என்ன செய்யும்?

இதுதான் எவேலியோவின் தினப்படிப் புலம்பல். காலைக் காப்பி தொண்டையில் இறங்குவதற்குள் ஒருமுறை சொல்லியாகவேண்டும். அவர் மனைவி செனாய்தா அதற்கு "ம்" கொட்டுவதைக்கூட நிறுத்தி வெகுகாலம் ஆகிறது.

எவேலியோ மூடத் தெரிந்த ஆள். ஹவானாவில் கடற்சுவருக்கு மூன்றாவது தெருவில், ஒரு பழைய மாடிவீட்டின் தரைத்தளத்தில் குடியிருந்தார். வீட்டுக்குப் பக்கவாட்டில், தகரக்கூரை போட்ட சந்து ஒன்று. அதற்கு ஓர் இரும்புக் கதவு. கதவுக்குப் பின்னால் நின்றதுதான் அவருடைய பியூக் கார். ஐம்பத்திரண்டாம் வருஷத்து வண்டி, மாதுளை நிறம், முன்பக்கம் பல்வரிசை மாதிரிப் பளபளக்கும் வெள்ளிக் கம்பிகள். மேலே கித்தான் கூரை. வேண்டுமென்றால் விரிக்கலாம், வேண்டாமென்றால் மடித்துப் பின்சீட்டுக்குப் பின்னால் படுக்கவைக்கலாம்.

அந்தக் கித்தானுக்கு வருஷம் ஒருமுறை தேன்மெழுகை மண்ணெண்ணெயில் உருக்கித் துணியால் தேய்ப்பார். ஈரம் இருக்கும்போது ஒருநாளும் மடிக்கமாட்டார். மடித்தால் உள்ளே பூஞ்சை பிடித்து மூன்றே மாதத்தில் கித்தான் வலையாகிவிடும். கண்ணாடி ஓரத்து ரப்பர் ஒரு ரஷ்ய ஃபிரிட்ஜின் கதவிலிருந்து வெட்டியது. கடற்சுவர்ப் பக்கம் வண்டி போய்வந்தால், தன் முகத்தைக் கழுவுவதற்கு முன் வண்டியின் அடிவயிற்றை நல்ல தண்ணீரால் கழுவுவார். காய்ந்ததும் கழிவு ஆயிலும் மண்ணெண்ணெயும் கலந்து பீய்ச்சுவார். மேலே போர்த்துவது பழைய பருத்திப் படுக்கைவிரிப்புகளைச் சேர்த்துத் தைத்த போர்வை. நைலான் தாளைக் கண்டாலே அவருக்கு ஆகாது. "நைலானுக்குள்ள இரும்பு வேர்க்கும்டா. வேர்த்தா துருப்பிடிக்கும். உன் பொண்டாட்டியை நைலான்ல சுத்தி வச்சுப் பாரு, தெரியும்" என்பார்.

மழைக்கும் உப்புக்கும் அது. திருடனுக்கு வேறு ஏற்பாடு. வண்டியை நிறுத்தியதும் டிஸ்ட்ரிபியூட்டரின் உள்ளே சுழலும் சின்ன ரோட்டரைக் கழற்றிப் பையில் போட்டுக்கொள்வார். அது இல்லாமல் எந்தக் கில்லாடியும் வண்டியைக் கிளப்ப முடியாது. பிறகு துறைமுகத்தில் வாங்கிய கப்பல் சங்கிலியால் பின்சக்கர அச்சையும் வீட்டின் தூணையும் சேர்த்துப் பூட்டுவார். அதன் சாவி எங்கே இருக்கிறது என்று செனாய்தாவுக்கே தெரியாது.

ஆனால் அந்த வண்டியில் ஏறாத பெண் அந்தத் தெருவில் இல்லை. அந்த ஊர் வழக்கப்படி, பதினைந்து வயது நிறைந்த நாளில், குடை மாதிரி விரிந்த கவுனோடு, மடித்த கூரைமேல் உட்கார்ந்து கடற்சுவர் ஓரமாக ஒரு சுற்று. ராணி மாதிரிக் கையசைத்துக்கொண்டு போகவேண்டும். போட்டோக்காரன் முன்னால் மோட்டார் சைக்கிளில் திரும்பி உட்கார்ந்து படம் எடுப்பான். எவேலியோ இதற்கு ஒன்றும் வாங்கியதில்லை. நிபந்தனைகள் மட்டும் உண்டு. செருப்பைக் கழற்றவேண்டும். விரிப்பு போட்ட இடத்தில்தான் உட்காரவேண்டும். கேக் கூடவே கூடாது. இதைச் சொல்லிவிட்டு, வெள்ளைச் சட்டையின் கழுத்துப் பொத்தான் வரை போட்டு, தாடையைத் தூக்கிக்கொண்டு ஓட்டுவார். பார்க்கிறவர்களுக்கு, பிறந்தநாள் பெண்ணுக்கா இவருக்கா என்று சந்தேகம் வரும்.

புயல் வருகிறது என்று வானொலி சொன்ன அன்று, எதிர்வீட்டு யோஸ்பெல் இரும்புக் கதவைத் தட்டினான். சுற்றுலாக்காரர்களை ஏற்றி ஓட்டுகிறவன். அவனிடமும் கூரையில்லாத வண்டிதான் இருந்தது. ஆனால் அது கூரையோடு பிறந்த செவர்லே. அவன்தான் ரம்பம் போட்டு மண்டையை அறுத்து, ரோஜா நிறம் அடித்து வைத்திருந்தான். கூரை போனதில் உடம்பு தளர்ந்து, திருப்பங்களில் கதவு தானாகத் திறந்துகொள்ளும். மழை வந்தால் பயணிகளுக்கு ஆளுக்கொரு குடை கொடுப்பான். எவேலியோ அதை வண்டி என்று ஒருபோதும் ஒப்புக்கொண்டதில்லை. "தகர டப்பா" என்பார்.

"பெருசு, மேட்டுல என் மச்சானோட கொட்டகை இருக்கு. என் வண்டியக் கொண்டுபோறேன். உங்களுதுக்கும் இடம் இருக்கு. வர்றீங்களா?"

"யாரு மச்சான்?"

"என் மச்சான்தான். நல்ல பையன்."

"நல்ல பையன்னு நீ சொல்ற. அவன் மச்சான் ஒருத்தன் இருப்பான், அவனுக்கு ஒரு மச்சான் இருப்பான். விடிஞ்சு பாத்தா என் முகப்புக் கம்பி மத்தான்சாஸ் ஊர்ல எவன் வண்டியிலயோ ஓடிட்டிருக்கும்."

"புயல்ல எவன் வந்து கம்பியக் கழட்டுவான்?"

"அப்பதான்டா கழட்டுவான். கரண்டு இருக்காது. சத்தம் கேக்காது. நான் திருடனா இருந்தா புயலுக்குத்தான் காத்திருப்பேன்."

யோஸ்பெல் தோளைக் குலுக்கிவிட்டுத் தன் டப்பாவைக் கிளப்பிக்கொண்டு போனான். முதல் திருப்பத்திலேயே கதவு திறந்து ஆடியதை எவேலியோ திருப்தியோடு பார்த்தார்.

அன்று சாயங்காலம் அவர் செய்த காரியத்தை அந்தத் தெருவில் வேறு யாரும் செய்திருக்கமாட்டார்கள். வண்டியை மரக்கட்டைகள்மேல் ஏற்றிவைத்து, சக்கரங்கள் நான்கையும் கழற்றினார். நாலும் ஒரே இடத்தில் இருந்தால் திருடனுக்கு ஒரே நடை என்று பிரித்து வைத்தார். ஒன்று கட்டிலுக்கு அடியில். ஒன்று மேட்டுத்தெருவில் கொழுந்தியாள் வீட்டில். ஒன்று செத்துப்போன சிநேகிதனின் விதவையிடம். நாலாவதை, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு, வளைகுடா தாண்டி குவானபக்கோவாவில் சித்தப்பா மகன் வீட்டுக்கே கொண்டுபோய்விட்டார். திரும்பி வந்து, வண்டியைப் போர்த்தி, சங்கிலியைப் பூட்டி, இரும்புக் கதவையும் பூட்டினார். இப்போது வரட்டும், புயலும் திருடனும் கைகோத்துக்கொண்டு வரட்டும் என்று நிம்மதியாகப் படுத்தார்.

புயல் வந்தது. தகரக்கூரையில் இரண்டு தகடு பறந்து போயின. மழை நேராக வண்டிமேல் கொட்டியது. திருடன் எவனும் வரவில்லை. விடிந்தபோது மழை விட்டிருந்தது; எல்லோரும் ஜன்னல்களில் அடித்திருந்த பலகைகளைப் பிடுங்கிக்கொண்டு, தப்பித்தோம் என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

அப்போதுதான் காற்று திரும்பி, வடக்கே கடலிலிருந்து வீச ஆரம்பித்தது.

கடற்சுவர்ப் பக்கத்தில் வாழ்கிறவர்களுக்கு அதற்கு மேல் யாரும் எதுவும் சொல்லவேண்டியதில்லை. முதலில் சத்தம் மாறும். பிறகு தெருச் சாக்கடை மூடிகள் கொதிக்கிற பானை மூடி மாதிரித் தடதடக்கும். பிறகு தண்ணீர் மேலேயிருந்து அல்ல, கீழேயிருந்து வரும். எவேலியோ வாசலில் நின்று பார்த்தார். மூடியைத் தள்ளிக்கொண்டு தண்ணீர் பொங்கி, தெருவில் பரவி, அவர் செருப்பைத் தொட்டது. குனிந்து விரலை நனைத்து நாக்கில் வைத்தார். உப்பு.

சந்துக்குள் ஓடினார். சுவரில் இடுப்பளவில் ஒரு பழுப்புக் கோடு இருந்தது. போன பெருவெள்ளத்தில் கடல் வந்து நின்ற இடம். அப்போது பியூக் வேறு இடத்தில் இருந்தது, தப்பித்தது. இப்போது கோட்டுக்கு வெகு கீழே, குட்டையான நாலு கட்டைமேல், சக்கரம் இல்லாமல், தூணோடு சங்கிலியால் கட்டப்பட்டு நின்றது. திருடனால் நகர்த்த முடியாதபடி அவர் வைத்திருந்தார். அவராலும் நகர்த்த முடியாது.

நாற்பது வருஷம் மழைத்துளி படாமல் காத்த வண்டித் தரையில் கடல் ஏறப்போகிறது. உப்புத்தண்ணீர் ஒருமுறை உள்ளே புகுந்த வண்டி பிறகு வண்டியில்லை. அவர் நடுச்சந்தில் நின்றார். கை எதையும் செய்யவில்லை.

மேலே, தகரம் பறந்த இடத்தின் வழியாக மிக்தாலியாவின் குரல் வந்தது. மாடிவீட்டுக்காரி. தெருக் கமிட்டிக்கும் அவள்தான் தலைவி. மொட்டைமாடியில் ஓர் அறை கட்டுவதற்காக வருஷக்கணக்காக ஹாலோபிளாக் கல் சேர்த்துவருகிறவள். தன் மணலை அவள்தான் அள்ளிவிட்டாள் என்று எவேலியோ ஒருகாலத்தில் சண்டை போட்டு, இன்னும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

"யோவ் எவேலியோ! வண்டிய எடுத்துட்டு மேட்டுக்குப் போய்யா! என்ன பாத்துட்டு நிக்கிற?"

செனாய்தாதான் பதில் சொன்னாள்.

"எங்க எடுக்கறது? சக்கரத்தையெல்லாம் ஊரூராக் கொண்டுபோய் ஒளிச்சு வச்சிருக்கு இந்தக் கிழம்."

பால்கனியில் யாரோ சிரித்தார்கள். பிறகு எல்லோரும் சிரித்தார்கள்.

"ஒண்ணு கட்டிலுக்கு அடியில இருக்கு" என்றாள் செனாய்தா. "அதை வச்சு வேணா உருட்டலாம்."

"சிரிக்காதீங்கடி!" என்று மிக்தாலியா அதட்டினாள், தன் சிரிப்பை அடக்கிக்கொண்டு. "ஓட்டமுடியாதுன்னா தூக்கலாமில்ல? ஏற்கெனவே கட்டைமேலதானே நிக்குது. இன்னும் கொஞ்சம் ஏத்து. என் கல்லு இருக்கு."

எவேலியோ அண்ணாந்து பார்த்தார். "உன் கல்லா?"

"என் கல்லுதான். உன் மணலு இல்ல, பயப்படாத."

"எதுக்குக் குடுக்கற?"

"இந்த மனுஷனப் பாருங்க! முட்டிவரைக்கும் கடல் வரப்போகுது, எதுக்குக் குடுக்கறன்னு கேக்கறான். என் வீட்டுக் கூடத்துல நான் அந்த வண்டிமேல உக்காந்த போட்டோ இருக்கு. பக்கத்துல என் மக உக்காந்த போட்டோ இருக்கு. நாளைக்குப் பேத்தி தகர டப்பாவுலயா உக்காரணும்?"

"நான் இங்கதான் நிக்கிறேன்" என்று ஒரு குரல் கேட்டது. இரும்புக் கதவுக்கு வெளியே யோஸ்பெல், முழங்காலுக்குக் கீழே நனைந்து, கையில் வண்டி தூக்கும் பாட்டில் ஜாக்கி ஒன்றோடு நின்றான். தன் வண்டியை மேட்டில் விட்டுவிட்டு நடந்தே திரும்பியிருந்தான். "தகர டப்பாங்கிறதெல்லாம் அப்புறம் பேசிக்கலாம். கதவத் திறங்க."

திறந்தார். அந்தக் கதவு அத்தனை பேருக்குத் திறந்தது அதுதான் முதல் தடவை.

மொட்டைமாடியிலிருந்து படிக்கட்டு வழியாகக் கல் இறங்க ஆரம்பித்தது. கைமாற்றிக் கைமாற்றி வந்தது. ஒவ்வொரு படியிலும் ஒரு பெண். பாதிப்பேர் அந்த வண்டிமேல் ஒருகாலத்தில் கவுன் விரித்து உட்கார்ந்தவர்கள். பிடுங்கிய ஜன்னல் பலகைகளை ஆண்கள் கொண்டுவந்தார்கள். ஒரு மூலைக்கு எவேலியோவின் ஜாக்கி, எதிர்மூலைக்கு யோஸ்பெலின் ஜாக்கி. கொஞ்சம் தூக்குவது, கல்லைச் சொருகுவது, மேலே பலகை வைப்பது, அடுத்த மூலைக்குப் போவது.

கையில் வேலை வந்ததும் எவேலியோவுக்கு வாயும் வந்துவிட்டது.

"டேய், கல்லோட ஓட்டையப் பக்கவாட்டுல வைக்காதே! நொறுங்கிடும். ஓட்டை மேலயும் கீழயும் பாக்கணும். வீடு கட்டற எடத்துல நீ என்ன, வேடிக்கையா பாத்திட்டிருந்த?"

"எனக்கு வீடே இல்ல பெருசு. மாமியார் வீடுதான்" என்றான் யோஸ்பெல்.

"அதான் கல்லைப்பத்தித் தெரியல. நீ! செவப்புச் சட்டை! பம்பரைத் தொடாதே. பம்பரப் புடிச்சுத் தூக்கினா கழண்டு வந்திடும். அங்க என்ன பாக்கெட்டுல போடற?"

"என் சிகரெட்டுய்யா!"

"காட்டு."

அவன் காட்டினான். சிகரெட்தான்.

இரண்டாம் வரிசை ஏறியபோது வண்டி நின்றுவிட்டது. ஜாக்கியை எவ்வளவு அழுத்தியும் பின்பக்கம் மேலே வரவில்லை. கப்பல் சங்கிலி விறைத்து நின்றது. எல்லோரும் எவேலியோவைப் பார்த்தார்கள்.

"பூட்டத் திறக்கணும்" என்றான் யோஸ்பெல்.

எவேலியோ தண்ணீரைப் பார்த்தார். முட்டிக்கு வந்திருந்தது. கூட்டத்தைப் பார்த்தார். இரும்புக் கதவு திறந்து கிடப்பதைப் பார்த்தார். தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"எல்லாரும் அந்தப் பக்கம் திரும்புங்க."

"என்னது?"

"சுவரப் பாத்துத் திரும்புங்கன்னேன். சாவி எடுக்கணும்."

நம்பினால் நம்புங்கள், அவ்வளவு பேரும் திரும்பினார்கள். கடல் காலைச் சுற்றிக்கொண்டிருக்க, கையில் கல்லும் பலகையுமாக, பள்ளிக்கூடத்தில் தண்டனை வாங்கிய பிள்ளைகள் மாதிரிச் சுவரைப் பார்த்து நின்றார்கள். படிக்கட்டில் இருந்தவர்களும் திரும்பினார்கள். மிக்தாலியா மட்டும், "என் கண்ணையும் கட்டிக்கணுமா?" என்றாள்.

"கட்டிக்கிட்டா நல்லது" என்றார் எவேலியோ.

சாவி எங்கே இருந்தது என்பதைச் சொல்வதற்கில்லை. திரும்பச் சொன்னபோது பூட்டு திறந்திருந்தது.

அதற்குப் பிறகு வேலை ஓட்டமாக ஓடியது. மூன்றாம் வரிசை, நாலாம் வரிசை. வண்டியின் தரை பழுப்புக் கோட்டுக்கு ஒரு சாண் மேலே போனது. எவேலியோ போதும் என்று கையை அசைத்தார். ஆனால் யோஸ்பெல் நகரவில்லை.

"சங்கிலிய மறுபடி கட்டுங்க பெருசு."

"பாத்தியா! இப்பதான் புத்தி வந்திருக்கு. திருடன்..."

"திருடனுக்கில்ல. அலைக்கு. போன வெள்ளத்துல என் வண்டி மிதந்துபோயி பேக்கரிக் கதவுல இடிச்சுது. இம்மாம் உசரத்துல இருக்கு, ஒரு அலை வந்து தள்ளினா கல்லுமேலேருந்து வழுக்கிடும். முன்னாடியும் பின்னாடியும் இறுக்கிக் கட்டுங்க."

எவேலியோ அவனை ஏற இறங்கப் பார்த்தார். மண்டையறுத்தவனுக்கு இது தெரிந்திருக்கிறது. சங்கிலியை முன்னச்சுக்கும் பின்னச்சுக்கும் கோத்துத் தூணில் கட்டினார். இந்தத் தடவை யாரையும் திரும்பச் சொல்லவில்லை. சாவி கையிலேயே இருந்தது.

தண்ணீர் தொடைக்கு வந்தபோது எல்லோரையும் மாடிக்குப் போகச் சொல்லி மிக்தாலியா கத்தினாள். போனார்கள். எவேலியோ போகவில்லை. பலகையில் கால்வைத்து ஏறி, போர்வையைப் பின்பக்கம் சுருட்டிவிட்டு, கதவைத் திறந்து, ஈரச் செருப்பை வெளியே உதறிவிட்டு, டிரைவர் சீட்டில் விரிப்புமேல் உட்கார்ந்துகொண்டார்.

"ஏய் கிழவா! மேல வா!" என்று செனாய்தா அலறினாள்.

"படகுல வந்து சீட்டக் கழட்டிட்டுப் போயிட்டா?"

"எவன்டா படகுல வர்றது!"

"வரமாட்டான்னு எழுதித் தர்றியா?"

காற்று ஓய்வதாக இல்லை. மறுபடி மழை பிடித்தது. தகரம் போன இடத்தின் வழியாகக் கித்தான்மேல் அறைந்தது. கடற்சுவரைத் தாண்டி விழுந்த ஒவ்வொரு அலையும் தெருவழியே உருண்டு வந்து சந்துக்குள் நுழைந்து வண்டியின் அடியில் முட்டியது. வண்டி லேசாக முனகும். சங்கிலி இழுத்துப் பிடிக்கும். அடங்கும். எவேலியோ ஸ்டீயரிங்கை இரண்டு கையாலும் பிடித்திருந்தார்.

யோஸ்பெல் இடுப்பளவு தண்ணீரில் வந்து மறுபக்கக் கதவைத் தட்டினான். "செனாய்தாம்மா காப்பி குடுத்தாங்க" என்று ஒரு பிளாஸ்க்கைத் தலைக்குமேல் தூக்கிக் காட்டினான்.

"அப்படியே ஏறாதே! துணியக் கழட்டு. விரிப்பைப் போட்டு உக்காரு."

அவன் ஜட்டியோடு விரிப்பில் உட்கார்ந்தான். இருவரும் ஒரே மூடியில் மாறி மாறிக் காப்பி குடித்தார்கள். அவன் அண்ணாந்து கித்தானைப் பார்த்தான். மூலைகளைப் பார்த்தான். கண்ணாடி ஓரத்தில் விரலை ஓட்டிப் பார்த்தான். விரல் காய்ந்திருந்தது. வெளியே மழை பறை அடித்துக்கொண்டிருந்தது.

"ஒரு சொட்டு இல்லையே பெருசு."

எவேலியோ எதிரே பார்த்துக்கொண்டே இருந்தார்.

"நெசமாத்தான் சொல்றேன். இதுதான் கூரை. நம்மளுது தகர டப்பாதான்."

எவேலியோவின் தாடை மெல்ல உயர்ந்தது. கடற்சுவர் ஓரம் ராணிகளை ஏற்றிக்கொண்டு போகும்போது எந்த உயரத்துக்குப் போகுமோ அந்த உயரத்துக்குப் போனது. கீழே தண்ணீர், மேலே மழை, நடுவில் காய்ந்த சீட். சக்கரம் இல்லை, ரோடு இல்லை. ஆனாலும் அன்றைக்கு அவர் ஓட்டிய மாதிரி அந்த வண்டியை என்றைக்கும் ஓட்டியதில்லை என்று தோன்றியது. பால்கனியிலிருந்து பார்த்த பெண்கள் கைதட்டினார்கள். அவர் ஒரு கையை ஸ்டீயரிங்கிலிருந்து எடுத்து, அளவாக, ஒருமுறை அசைத்தார்.

தண்ணீர் பழுப்புக் கோட்டைத் தொட்டது. அதற்குமேல் நாலு விரல் ஏறியது. வண்டியின் தரையைத் தொடாமல் நின்றது.

மறுநாள் வெயில் அடித்தது. தெரு முழுக்கச் சேறும் கடற்பாசியும் யாருடையது என்று தெரியாத நாற்காலிகளுமாகக் கிடந்தது. வண்டியின் அடியில் உப்பு காய்வதற்குள் கழுவவேண்டும். குழாயில் தண்ணீர் இல்லை. கேட்காமலே ஒவ்வொரு வீட்டிலிருந்தும் தொட்டியின் நல்ல தண்ணீர் வாளி வாளியாக வந்தது. எவேலியோ ஒவ்வொரு வாளியிலும் விரலை விட்டு நக்கிப் பார்த்துத்தான் வாங்கினார். ஒன்றைத் திருப்பியும் அனுப்பினார். "இதுல லேசாக் கரிக்குது. எங்க மொண்ட?"

"உன் நாக்குதான்யா கரிக்குது" என்றாள் வாளிக்காரி. ஆனால் போய் வேறு கொண்டுவந்தாள்.

கழுவி முடித்ததும், பின்பக்கம் சுருண்டிருந்த போர்வையையும் விலக்கினார்கள். மாதுளை நிறம் வெயிலில் எரிந்தது. ஜனங்கள் சுற்றி நின்றார்கள். "நம்ம வண்டி" என்று யாரோ சொன்னார்கள்.

"யாரு வண்டி?" என்றார் எவேலியோ.

"சரி, உங்க வண்டி. எங்க கல்லு."

அவர் வண்டியை ஒருமுறை சுற்றிவந்தார். முகப்புக் கம்பிகளை ஒவ்வொன்றாகத் தொட்டார். கண்ணாடித் துடைப்பான் இருந்தது. பெட்ரோல் மூடி இருந்தது. குனிந்து அடியில் பார்த்தார். இருக்கவேண்டிய ஆணிகளெல்லாம் இருந்தன.

மிக்தாலியா இடுப்பில் கைவைத்து நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பாத்தியா? நேத்துக் காலையிலேருந்து கதவு திறந்துதான் கெடக்கு. தெருவே உள்ள வந்து போயிருக்கு. ஒரு ஸ்குரு போச்சா?"

"போகல."

"அப்ப இப்பவாவது ஒத்துக்க. இங்க யாரும் திருடன் இல்ல."

எவேலியோ நியாயமாகத்தான் யோசித்தார். அவள் முகத்தையும், யோஸ்பெலின் முகத்தையும், சிவப்புச் சட்டைக்காரனின் முகத்தையும் பார்த்தார்.

"நேத்து மழை" என்றார். "நனைஞ்சுகிட்டு எவன் திருடுவான்?"

குவானபக்கோவா பஸ் ஓடுகிறதா இல்லையா என்று யாருக்கும் தெரியவில்லை. நாலாவது சக்கரத்தைக் கொண்டுவரவேண்டும். அவர் பேண்ட்டை முட்டிக்குமேல் சுருட்டிக்கொண்டு, சேற்றில் கால்வைத்து நடக்க ஆரம்பித்தார். பின்னாலிருந்து அவர்கள், "ஒத்துக்கய்யா!" என்று கூப்பிட்டுச் சிரித்தார்கள். அவர் தலையை ஆட்டிக்கொண்டே போனார். அது ஆமாம் என்கிற ஆட்டம் இல்லை.